நெஞ்சில் படிந்த தூசியும் நிமோனியா ஜுரமும்

(பங்கின் யூபிலி ஆண்டில், உலக நோயாளர் நாளாகிய லூர்து அன்னை திருவிழாவன்று, கோலார் தங்கவயல் பங்கு மண்டபத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)





யூபிலி விழாக் குழுவினர் என்னிடம் வந்து, ஐந்து நிமிடம் ஒரு வாழ்த்துரை வழங்கும்படி கேட்டுக்கொண்டார்கள். வாழ்த்திப் பேச என்னைவிடத் தகுதியுள்ளோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கிறார்கள். ஆகவே, "வாழ்த்துரை வேண்டாம்; நோயாளர் நாளில் அரை மணி நேரம் கொடுங்கள், நம் வீட்டுப் பெரியவர்களின் நெஞ்சைப் பற்றிப் பேசுகிறேன்" என்று கேட்டேன். பங்குத் தந்தை அவர்கள் மனமுவந்து இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி உரித்தாகுக.

இப்பங்கின் வரலாற்றை இம்மலரின் வேறு பக்கங்களில் காண்பீர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர், தகரக் கூரை போட்ட லைன் வீடுகளில் குடியிருந்துகொண்டு, தங்கள் கூலியில் மிச்சம் பிடித்த காசில் இந்த ஆலயத்தைத் தாங்கி வந்தார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே கால் வைத்தது முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகள் நம்மவர் பூமிக்குள் இறங்கி ஏறினார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அந்த ஆழத்திலிருந்து தங்கம் மேலே வந்தது. வந்த வழியே ஊரைவிட்டும் போயிற்று. ஆனால் தங்கத்தோடு கிளம்பிய கல்தூசி எங்கும் போகவில்லை. அது நம் அப்பாமார்களின், தாத்தாமார்களின் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

அந்தத் தூசியைப் பற்றியும், அந்தத் தூசி படிந்த நெஞ்சிலே நிமோனியா ஜுரம் வந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியுமே இன்று பேசப் போகிறேன்.

ஒரு கிறிஸ்மஸ் விடுமுறை

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமையில்லை.

என் தந்தை சுரங்கத்திலே டிரில் பிடித்தவர். இருபத்தேழு ஆண்டுகள் அண்டர்கிரவுண்டில் உழைத்தபின், சிலிக்கோசிஸ் என்று எழுதிக் கொடுத்து அவரை மேலே அனுப்பினார்கள். அதன் பிறகு அவருக்கு இருமலும் மூச்சிரைப்பும் நிரந்தரத் துணையாகிவிட்டன. கோயில் படியேறினால் நடுவிலே ஒரு முறை நிற்பார். அவர் இருமல் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்கள் லைனில் பாதிப்பேர் விடியற்காலையில் எழுந்திருப்பார்கள்.

1984 டிசம்பர் மாதம். நான் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்திருந்தேன். அப்பாவுக்கு ஒரு நாள் மாலை குளிர் கண்டது. விலாவிலே குத்துகிறது என்றார். அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் இருமல் அதிகம். "பனிக்காலத்தில் அவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்று அம்மா சொன்னார்கள். நானும் ஆமோதித்தேன். மூன்றாம் நாள் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் படுத்துவிட்டார். பண்டிகைக் களைப்பு என்று எண்ணினோம். நான்காம் நாள் இரவு அவருக்கு ஜன்னி கண்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "கேஜ் வந்துவிட்டதா? எல்லோரும் ஏறியாயிற்றா?" என்று கேட்கத் தொடங்கினார்.

அண்டை அயலார் கூடிவிட்டார்கள். உடனே ஒருவர் அவஸ்தைப் பூசுதல் கொடுக்கச் சுவாமியாரை அழைத்துவர ஓடினார். சுவாமியார் வந்தார், அப்பாவின் மூச்சைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "தம்பி, சாமியாரைக் கூப்பிட்டீர்கள், சரி. டாக்டரைக் கூப்பிட்டீர்களா?"

அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மறுநாள் விடியுமுன் அப்பா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். அவரைப் பார்த்த வைத்தியர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "இரண்டு நாள் முன்னே வந்திருந்தால் பார்த்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நான் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்து வருகிறேன்.

அப்பாவின் சிலிக்கோசிஸை யாராலும் குணப்படுத்தியிருக்க முடியாது. ஆனால் அவரைக் கொண்டுபோனது சிலிக்கோசிஸ் அன்று. அதன்மேல் வந்து ஏறிய நிமோனியா. அதற்கு 1984-லேயே மருந்து இருந்தது. "பழைய இருமல்தானே" என்ற எங்கள் எண்ணமே மருந்துக்கும் அவருக்கும் நடுவே நின்றது.

தூசி நெஞ்சை என்ன செய்கிறது?

தங்கம் இருக்கும் பாறையிலே குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக்கல் ஓடுகிறது. அதைத் துளைக்கும்போதும், வெடிவைத்துத் தகர்க்கும்போதும், வாரிக் கொட்டும்போதும் சிலிக்கா என்னும் நுண்தூசி எழும்புகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசியே ஆபத்தானது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால், அதில் ஐந்து பங்குக்கும் குறைவான பருமனுள்ள துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய்விடுகின்றன.

அந்தக் காற்றறைகளிலே இறைவன் காவற்காரர்களை வைத்திருக்கிறார். கிருமியோ அழுக்கோ உள்ளே வந்தால் அதை விழுங்கி அழிப்பது இந்தக் காவல் அணுக்களின் வேலை. கிருமியை விழுங்கினால் கிருமி சாகும். ஆனால் சிலிக்காத் துகளை விழுங்கினால் காவற்காரனே செத்துப்போகிறான்! அவன் செத்த இடத்தில் துகள் வெளியே வரும், அடுத்த காவற்காரன் அதை விழுங்குவான், அவனும் மடிவான். இப்படியே அந்த இடம் ரணமாகித் தழும்பேறிக் கெட்டிப்படுகிறது. சிலிக்கோசிஸ் என்பது இதுதான். வேலையை விட்ட பிறகும் உள்ளே இருக்கும் துகள் தன் வேலையை விடுவதில்லை. அதனால்தான் சுரங்கம் மூடிப் பல ஆண்டுகளான பின்பும் சிலருக்கு மூச்சிரைப்பு வளர்ந்துகொண்டே போகிறது.

நம் ஊரில் இது புதிய செய்தி அல்ல. 1940-லேயே மைசூர் சமஸ்தானத்தில் சிலிக்கோசிஸுக்கு நஷ்டஈடு தருவதற்கு விதிகள் செய்தார்கள். 1947-ல் வெளிவந்த ஆய்வொன்றில், தங்கவயல் தொழிலாளர் 7,653 பேரைச் சோதித்து, அவர்களில் நூற்றுக்கு 43.7 பேருக்கு சிலிக்கோசிஸ் இருப்பதாகக் கண்டார்கள். ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர்! அப்படியானால் இந்த மண்டபத்தில் அந்த நோயைத் தொடாத குடும்பம் ஏது?

தூசி நெஞ்சில் நிமோனியா ஏன் சுலபமாக வருகிறது?

நிமோனியா என்பது கிருமியினால் நுரையீரலின் காற்றறைகளில் நீரும் சீழும் கோத்துக்கொள்ளும் நோய். காற்று இருக்கவேண்டிய அறையில் நீர் நின்றால் மூச்சு எப்படிப் போகும்? இந்த நோயைக் கொண்டுவரும் கிருமிகளில் முதன்மையானது நிமோகாக்கஸ். பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் இக்கிருமி சாதாரணமாகக் குடியிருக்கும். நல்ல நெஞ்சுள்ளவர் ஒரு மூச்சிலே அதைக் கொஞ்சம் உள்ளே இழுத்தாலும், காவற்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தூசி படிந்த நெஞ்சிலோ மூன்று கேடுகள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, காவற்காரர் குறைந்தும் சோர்ந்தும் போயிருக்கிறார்கள். இரண்டாவது, மூச்சுக்குழாயின் உட்புறத்தில் சளியை மேலே தள்ளிவிடும் நுண்ணிய ரோமங்கள் தூசியாலும் பீடிப் புகையாலும் கெட்டுப்போய், சளி உள்ளேயே தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி பெருகுகிறது. மூன்றாவது, தழும்பேறிய நுரையீரலில் உபரியாக இடமில்லை. நல்ல நுரையீரலில் ஒரு பாகம் நிமோனியாவால் அடைபட்டால் மற்ற பாகங்கள் சமாளிக்கும். ஏற்கெனவே பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவன் வீட்டில் திருட்டும் போனால் என்ன ஆகும்? அதே கதிதான்.

இது நமக்கு மட்டும் வந்த துன்பமும் அல்ல. ஸ்வீடன் தேசத்தில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான கட்டடத் தொழிலாளரை முப்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், கல், சிமென்ட் முதலிய தூசியிலும் உலோகப் புகையிலும் உழைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமோனியாவால் இறப்பது மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டார்கள்.

தங்கச் சுரங்கம் உலகுக்குத் தந்த ஊசி

நம்மைப் போலவே தங்கம் தோண்டியவர்கள் தென்னாப்பிரிக்காவின் ராண்டு சுரங்கத்தார். 1900-க்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கே நிமோனியா கொள்ளை நோயாய் இருந்தது. தூரதேசங்களிலிருந்து புதிதாய் வந்த கறுப்பினத் தொழிலாளரை ஒரே கொட்டகையில் நெருக்கிப் படுக்க வைத்தார்கள். தூசி நோய் வருமுன்பே நிமோனியா வந்து அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. வெப்பநாட்டுப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அதிகமாய் மடிந்ததால், 1913-ல் அப்பகுதிகளிலிருந்து ஆள் எடுப்பதையே அரசு தடை செய்தது.

அந்த நாளில்தான் ஆல்ம்ரோத் ரைட் என்ற ஆங்கில மருத்துவர் அங்கே போய், 1911-ல் சுரங்கத் தொழிலாளருக்கு நிமோனியாத் தடுப்பூசி போட்டுப் பார்த்தார். பனாமாக் கால்வாய்ப் பகுதியில் மஞ்சள் ஜுரத்தை ஒழித்த அமெரிக்க மருத்துவர் கோர்காஸ் 1913-ல் அழைக்கப்பட்டு வந்தார். ஆட்களை நெருக்கி அடைக்காதீர்கள், ஒவ்வொருவருக்கும் போதிய இடம் கொடுங்கள் என்பது அவருடைய முக்கியமான யோசனை.

பல ஆண்டுகளுக்குப் பின், ராபர்ட் ஆஸ்திரியன் என்ற மருத்துவர் 1970-களில் அதே தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் புதிதாய்ச் சேர்ந்த தொழிலாளரிடையே திருத்தமான தடுப்பூசியைச் சோதித்தார். அது நல்ல பலன் தந்தது. 1977-ல் அமெரிக்காவில் 14 வகை நிமோகாக்கஸுக்கு எதிரான ஊசியும், 1983-ல் 23 வகைகளுக்கு எதிரான ஊசியும் அனுமதி பெற்றன. இன்று உலகமெங்கும் முதியோருக்குப் போடப்படும் நிமோனியா ஊசியின் பின்னே தங்கச் சுரங்கத் தொழிலாளியின் உடம்பும் உயிரும் இருக்கின்றன. அப்படியிருக்க, தங்கச் சுரங்கத்தில் உழைத்த நம் பெரியவர்கள் அந்த ஊசியைப் பற்றிக் கேள்விப்படாமலே இருப்பது எவ்வளவு பெரிய வேதனை!

இப்போது 23 வகைக்கான அந்த ஊசியோடு, நோய் எதிர்ப்பு நினைவை நன்றாகப் பதியவைக்கும் கான்ஜுகேட் என்னும் வேறு வகை ஊசியும் வந்திருக்கிறது. யாருக்கு எது, எத்தனை முறை என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்யவேண்டும். இந்த ஊசி எல்லா நிமோனியாவையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வேறு கிருமிகளாலும் நிமோனியா வரும். ஆயினும் கொடியதைத் தடுக்கவும், வந்தால் தணிக்கவும் அது உதவும். அதோடு ஆண்டுதோறும் இன்புளுயன்சா காய்ச்சலுக்கான ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது. ஏனென்றால் அந்தக் காய்ச்சல் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் பல சமயம் நிமோனியா நுழைகிறது.

நம் நாட்டில் 2021 முதல் எல்லா மாநிலங்களிலும் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. பேரப்பிள்ளைக்கு அதைத் தவறாமல் போடுங்கள். குழந்தையின் மூக்கில் கிருமி குறைந்தால், அதை மடியில் வைத்துக் கொஞ்சும் தாத்தாவுக்கும் அது பாதுகாப்பு.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்?

தாய்மார்களே, இந்தப் பகுதியை நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தூசி நோய் உள்ளவர் எப்போதும் இருமுகிறார், எப்போதும் இரைக்கிறார். அப்படியானால் புதிய ஆபத்தை எப்படிக் கண்டுகொள்வது? அவருடைய வழக்கத்தை முதலில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வழக்கத்திலிருந்து மாறினால் அதுவே எச்சரிக்கை.

அவர் நலமாக இருக்கும் ஒரு நாளில், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதி வையுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 வரை இருக்கும். விரலில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைக் காட்டும் சிறு கருவி கொரோனாக் காலத்தில் பல வீடுகளுக்கு வந்தது. அது இருந்தால் அந்த எண்ணையும் குறித்து வையுங்கள். வழக்கமாக 94 காட்டுபவருக்கு 89 காட்டினால், அவர் "எனக்கொன்றுமில்லை" என்று எவ்வளவு சொன்னாலும் கேட்காதீர்கள்.

பின்வரும் அறிகுறிகளைக் கவனியுங்கள். நடுக்கத்தோடு குளிர் ஜுரம். மூச்சை இழுக்கும்போது விலாவில் குத்து. சளியின் நிறம் மாறி மஞ்சளாகவோ துருப்பிடித்த இரும்பின் நிறமாகவோ வருதல். நேற்று வரை நடந்த தூரத்தை இன்று நடக்க முடியாமை. இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனாலும், உதடு நீலம் பாரித்தாலும், பேச்சு குழறினாலும், ஆளை அடையாளம் தெரியாமல் பேசினாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது.

வயதானவர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. நிமோனியா இருந்தும் ஜுரமே காணாமல் இருக்கலாம். சாப்பிட மறுப்பது, தூங்கிக்கொண்டே இருப்பது, திடீரென்று புத்தி தடுமாறுவது, இவையே முதல் அடையாளமாக இருக்கலாம். என் தந்தை மூன்றாம் நாள் சாப்பாட்டை வேண்டாம் என்றாரே, அன்றைக்கே அவர் நுரையீரல் எங்களைக் கூப்பிட்டது. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு செய்திகள். தூசி படிந்த நெஞ்சில் சில சமயம் நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசிந்துவிடும். திடீரென்று ஒரு பக்கம் வலித்து மூச்சுத் திணறினால் அதுவாகவும் இருக்கலாம். இதற்கும் ஆஸ்பத்திரிதான் வழி. அடுத்து, சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் புதிதாய் இருமல், மாலை ஜுரம், உடல் மெலிவு, சளியில் ரத்தம் என்றிருந்தால் சளியைச் சோதிக்கவேண்டும். அதேசமயம், எக்ஸ்ரேயில் தெரியும் தழும்பையெல்லாம் டி.பி. என்று எண்ணிச் சோதனையில்லாமல் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பதும் தவறு.

இதனால்தான் பழைய எக்ஸ்ரே படங்களைப் பத்திரமாய் வைத்திருங்கள் என்கிறேன். சுரங்கத்தாரின் படத்திலே ஏற்கெனவே புள்ளிகளும் நிழல்களும் இருக்கும். புதிய நிமோனியா நிழல் அவற்றுக்குள் ஒளிந்துகொள்ளும். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதியது எது என்று வைத்தியருக்குத் தெரியும். பரண்மேல் கிடக்கும் அந்தப் படத்தை எடுத்துத் தூசி தட்டி, ஞானஸ்நானச் சான்றிதழ் வைத்திருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். வைத்தியர் கேட்கமாட்டார் என்று இராமல், "இவர் இத்தனை ஆண்டு சுரங்கத்தில் வேலை செய்தவர்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டருக்கு அது தெரிய நியாயமில்லை.

வீட்டிலே செய்யத்தக்கவை

பீடியை விட்டுவிடுங்கள். முன்வரிசையில் சில பெரியவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "நாற்பது வருஷப் பழக்கம், இனி விட்டு என்ன?" என்பது அந்தச் சிரிப்பின் பொருள். இனி விட்டாலும் பலன் உண்டு ஐயா. கல்தூசி கம்பெனி கொடுத்தது. பீடிப் புகை நாமே காசு கொடுத்து வாங்குவது. இருக்கும் மூச்சையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

விறகடுப்புப் புகையிலிருந்தும் கொசுவர்த்திப் புகையிலிருந்தும் பெரியவர்களை விலக்கி வையுங்கள். காற்றுக் காலத்தில் சயனைடு மேட்டிலிருந்து மண் பறந்து வரும்போது சன்னலைச் சாத்துங்கள். வீட்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். திருவிழாக் குழுவினர் கோபிக்காமல் இருந்தால் ஒன்று சொல்வேன்: தேர் பவனியிலே வாணவேடிக்கை விடும் இடத்துக்குப் பக்கத்திலா எங்கள் பெரியவர்களுக்கு நாற்காலி போடுவது?

ஜுரம் கண்டபோது தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வையுங்கள். வெதுவெதுப்பான கஞ்சியும் நீரும் கொடுங்கள். படுக்க வைத்துப் புகட்டாதீர்கள், புரையேறினால் அதுவே இன்னொரு நிமோனியா. கஷாயமும் ஆவி பிடித்தலும் ஆறுதல் தரும். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கஷாயம் அடுப்பில் கொதிக்கும்போதே வண்டிக்கும் சொல்லி அனுப்புங்கள். போன தடவை மிச்சமான மாத்திரையையும், அடுத்த வீட்டார் கொடுத்த மாத்திரையையும் கொடுக்காதீர்கள். வைத்தியர் கொடுத்ததை, ஜுரம் விட்டதும் நிறுத்தாமல், சொன்ன நாள் வரை கொடுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். சுரங்கம் மூடியது, தூசி வேலை மூடவில்லை. விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் போகும் உங்களில் சிலர் கிரானைட் அறுக்கிறீர்கள், டைல்ஸ் வெட்டுகிறீர்கள், சுவரைத் துளைக்கிறீர்கள், வெல்டிங் செய்கிறீர்கள். கல்லிலும் டைல்ஸிலும் இருப்பது அதே சிலிக்காதான். தண்ணீர் விட்டு அறுங்கள். கைக்குட்டை கட்டினால் நுண்தூசி நிற்காது. அதற்கென்று உள்ள எண்-95 முகமூடியை முகத்தோடு பொருந்தக் கட்டுங்கள். வெல்டிங் செய்பவருக்கும் நிமோனியா எளிதில் வருகிறது. அதனால் பிரிட்டனில் அவர்களுக்கு நிமோனியா ஊசி சிபாரிசு செய்யப்படுகிறது. உங்கள் தாத்தாவுக்குத் தெரியாமல் வந்த நோயை நீங்கள் தெரிந்தே வாங்கிக்கொள்ளாதீர்கள்.

பங்குக்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக, யூபிலிக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். சுரங்கம் மூடியபோது மிகச் சிறியவனாய் வெளியே வந்தவனுக்கும் இப்போது நாற்பது தாண்டிவிட்டது. டிரில் பிடித்த கைகளில் எஞ்சியிருப்பவை சிலவே. குழந்தைகளுக்கு அரசு தரும் ஊசியைப்போல் பெரியவர்களுக்கு இலவசமாய்க் கிடைப்பதில்லை. விலை கொடுத்துத்தான் போடவேண்டும். பென்ஷன் இல்லாத வீட்டில் அது பெரிய தொகை. யூபிலிக் காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்கி, அன்பியம்தோறும் சுரங்கத்துப் பெரியவர்களின் பெயரை எழுதி, மருத்துவர் ஆலோசனைப்படி ஊசி போட ஏற்பாடு செய்யலாகாதா? வின்சென்ட் தெ பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வீடு சந்திக்கப் போகும்போது, ஜெபத்தோடு கூட அந்த மூச்சையும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாகாதா? என் பங்குக்கு, மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசைக்குப் பிறகு இந்த மண்டபத்தில் உட்கார்ந்து அவர்களைச் சோதிக்க நான் இன்றே வாக்களிக்கிறேன்.

நல்ல சமாரியன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு மனம் இரங்கியதோடு அவன் நின்றுவிடவில்லை. காயத்தைக் கட்டினான், வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், பணம் கட்டினான், திரும்பி வருகிறேன் என்றும் சொல்லிப் போனான். இரக்கத்துக்கு இத்தனை படிகள் உண்டு. முதல் படியோடு நின்றால் அடிபட்டவன் பிழைக்கமாட்டான்.

சாம்பல் புதனன்று சுவாமியார் நம் நெற்றியில் சாம்பலைப் பூசி, நாம் மண் என்பதை நினைவூட்டுகிறார். நம் பெரியவர்களுக்கு அந்த நினைவூட்டல் தேவையில்லை. அவர்கள் மண்ணை நெஞ்சிலேயே சுமக்கிறார்கள். ஆனால் மண்ணால் மனிதனைப் படைத்த ஆண்டவர், அதோடு நில்லாமல் தம் மூச்சை அவனுக்குள் ஊதினார் அல்லவா? அந்த மூச்சு அவருடையது. அது நின்றுபோகும் நாளை அவர் குறிக்கட்டும். நம் அலட்சியம் குறிக்கவேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் அமர்ந்து ஒரு நிமிடம் அவர் மூச்சை எண்ணுங்கள். அந்த எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள். இந்த யூபிலி ஆண்டில் நான் உங்களிடம் கேட்கும் காணிக்கை அவ்வளவுதான்.

லூர்து அன்னை நம் நோயாளிகள் அனைவரையும் காப்பாராக.